கதிரின் கணக்கும் வைத்தியரின் கடமையும்

வைத்தியரை நாடிச் செல்லும் ஏழை தன் உடலை மாத்திரமன்று, தன் நம்பிக்கை முழுவதையும் அவர் கையில் ஒப்புவித்துவிட்டு நிற்கிறான். மருந்து கசந்தாலும் அருந்துகிறான். கத்தி வைக்க வேண்டுமென்றாலும் படுக்கிறான். ஆனாலும், 'எத்தனை வேளை? எவ்வளவு?' என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத் தவறுவதில்லை. வைத்தியரும் சொல்லத் தவறுவதில்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதை இருவரும் அறிவர். ஆனால் நம் நாட்டில் நாள்தோறும் எண்ணற்றோர் உடலுக்குள் செலுத்தப்படும் ஒரு சக்திக்கு மட்டும் இந்த விதி வழங்குவதில்லை. அதன் அளவை நோயாளி கேட்பதில்லை; வைத்தியர் சொல்வதில்லை; பல சமயங்களில் வைத்தியருக்கே அது தெரிவதில்லை. எக்ஸ்ரே, ஸி.டி. ஸ்கேன் முதலியவற்றில் பயன்படும் கதிர்வீச்சையே நாம் குறிப்பிடுகிறோம்.

சில நாட்களுக்கு முன் நாம் காரைக்கால்மேட்டுக்குச் சென்றிருந்தோம். 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்து மோதிய கடலோர மீனவ ஊர் அது. அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில், கடலுக்குச் செல்வதை நிறுத்திவிட்ட ஒரு பெரியவர், துணிப்பை ஒன்றை நம் முன் கவிழ்த்தார். உள்ளிருந்து சரிந்தவை அத்தனையும் ஸ்கேன் படங்கள். சிறுநீரகக் கல் நோய்க்காகப் பதினான்கு மாதங்களில் மூன்று ஊர்களில் நான்கு முறை வயிற்றை ஸி.டி. எடுத்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஊரிலும், "பழைய படம் வேண்டாம், புதிதாக எடுத்து வாருங்கள்" என்றார்களாம். "எங்களுக்கு என்னய்யா தெரியும்? எழுதிக் கொடுத்தாங்க, எடுத்தோம்" என்றார் அந்தப் பெரியவர். செலவுக் கணக்கை அவர் மனப்பாடமாக ஒப்பித்தார். உடம்பு வாங்கிய கதிரின் கணக்கு அவரிடமும் இல்லை. அந்தக் காகிதங்களிலும் இல்லை.

அதே தெருவில் வேறொரு வீடு. இருமலுக்காக மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட ஓர் இளம் பெண், சில நாள் கழித்துத் தான் கர்ப்பமாயிருப்பதை அறிந்தாள். ஒரு வைத்தியர், "கதிர் பட்டுவிட்டது, கலைத்துவிடுவதே நல்லது" என்று சொல்லிவிட்டார். வீடே துக்கத்தில் ஆழ்ந்தது. மாமியார் மனம் ஒப்பாமல் மற்றொரு மருத்துவரிடம் அழைத்துப் போனார். அவர் கணக்குப் பார்த்து, அச்சமே வேண்டாம் என்று அனுப்பினார். நாம் போயிருந்தபோது அந்தக் குழந்தை திண்ணையில் தவழ்ந்துகொண்டிருந்தது.

ஒரு வீட்டில் அளவறியாத அலட்சியம். மற்றொரு வீட்டில் அளவறியாத அச்சம். இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தத் தாயின் பெயர் அறியாமை. அதுவும் நோயாளியின் அறியாமையன்று, வைத்தியரின் அறியாமை என்பதுதான் நம்மை இதை எழுதத் தூண்டுகிறது.

வைத்தியர்கள்மீது நாம் வீண்பழி சுமத்துவதாக எவரும் எண்ண வேண்டாம். அவர்களுடைய பத்திரிகைகளே கூறுவதைத்தான் நாம் எடுத்துக்காட்டுகிறோம். 2003-ம் ஆண்டில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. பிரிட்டனில் இரண்டு ஆஸ்பத்திரிகளைச் சேர்ந்த 130 டாக்டர்களிடம் பலவகைப் படங்களின் கதிரளவைக் கேட்டார்கள். வந்த விடைகளில் நூற்றுக்கு 97 உண்மை அளவைவிடக் குறைவாக இருந்தன. ஒரு மார்பு எக்ஸ்ரேயில் நோயாளி பெறும் கதிரின் அளவை ஒருவராவது சரியாகச் சொல்லவில்லை. அல்ட்ராசவுண்டு என்பது ஒலியலையால் எடுக்கும் படம், எம்.ஆர்.ஐ. என்பது காந்தத்தால் எடுக்கும் படம். இரண்டிலும் இவ்வகைக் கதிர் துளியும் இல்லை. இதுகூட அந்த டாக்டர்களில் சிலருக்குத் தெரிந்திருக்கவில்லை! மறு ஆண்டு வெளியான வேறோர் அமெரிக்க ஆராய்ச்சியில், ஸி.டி. எடுத்துக்கொண்ட நோயாளிகளில் நூற்றுக்கு 7 பேரே அதன் அபாயமும் பயனும் தங்களுக்கு எடுத்துரைக்கப்பட்டதாகச் சொன்னார்கள். ஸி.டி.யால் வாழ்நாளில் புற்றுநோய் அபாயம் சற்றே கூடும் என்று கருதியவர்கள், அவசரச் சிகிச்சை டாக்டர்களில் நூற்றுக்கு 9 பேர். கதிர்ப்பட நிபுணர்களிலும் நூற்றுக்கு 47 பேர்தான்.

பணமும் படிப்பும் மிகுந்த அந்தத் தேசங்களிலேயே இந்த நிலை என்றால், நம் நாட்டைப்பற்றி என்ன சொல்வது? 2021-ம் ஆண்டு மே மாதத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொரோனாவின் இரண்டாவது அலையில் நாடெங்கும் ஸ்கேன் நிலையங்களின் வாசலில் ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள். இலேசான காய்ச்சல் கண்டவரும் மார்பை ஸி.டி. எடுத்தனர், சிலர் மூன்று நாளைக்கு ஒருமுறை எடுத்தனர். அப்போது டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் டைரக்டராயிருந்த டாக்டர் ரண்தீப் குலேரியா, ஒரு ஸி.டி. ஸ்கேன் 300 முதல் 400 மார்பு எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்றும், இளம் வயதில் அடிக்கடி எடுத்தால் பிற்காலத்தில் புற்றுநோய் அபாயம் கூடும் என்றும் எச்சரித்தார். உடனே இந்தியக் கதிரியல் நிபுணர்களின் சங்கம் எழுந்தது. அது முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய கதை, இக்காலத்து யந்திரங்களில் 5 முதல் 10 எக்ஸ்ரேக்களுக்கே சமம் என்று மறுப்பு வெளியிட்டது.

நானூறு எங்கே, ஐந்து எங்கே? இரு தரப்பினரும் சாமான்யர்கள் அல்லர். இவர்களே இப்படி மாறுபட்டால் காரைக்கால்மேட்டு மீனவர் எதை நம்புவது?

உண்மையில் இந்தப் புதிரை அவிழ்ப்பது கடினமன்று. கதிரின் அளவை மில்லிசீவர்ட் என்ற அலகால் அளக்கிறார்கள். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் இயற்கையாகவே உலக மாந்தர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் பெற்று வருகிறார்கள். ஒரு மார்பு எக்ஸ்ரே, எடுக்கும் முறையையும் படங்களின் எண்ணிக்கையையும் பொறுத்து, 0.02 முதல் 0.1 வரை இருக்கும். வழக்கமான மார்பு ஸி.டி. சுமார் 7. இந்த ஏழை 0.02-ஆல் வகுத்தால் 350, 0.1-ஆல் வகுத்தால் 70. குறைந்த கதிரில் எடுக்கும் ஸி.டி. சுமார் 1.5, அதை 0.1-ஆல் வகுத்தால் 15. இன்னும் குறைத்து எடுக்கவல்ல யந்திரங்களில் ஐந்துக்கும் வரலாம். ஆகவே இருவர் கூற்றுக்கும் ஆதாரம் உண்டு. எந்த யந்திரம், எந்த முறை, எந்த எக்ஸ்ரே என்று சொல்லாமல் விட்டதுதான் குறை. 'பொதுவாக ஸி.டி. எவ்வளவு?' என்பது பயனற்ற கேள்வி. 'என் உடம்பில் இன்று எடுத்த ஸி.டி. எவ்வளவு?' என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இனி, இந்த அளவினால் விளையும் தீங்கு எத்தன்மையது என்று பார்ப்போம். எக்ஸ்ரே கதிர் உடலின் உயிரணுக்களை ஊடுருவுகையில் அவற்றின் மரபுச் சரடுகளை ஆங்காங்கே அறுக்கிறது. உடல் அவற்றைப் பெரும்பாலும் செப்பனிட்டுக்கொள்கிறது. சில வேளை தவறாகச் செப்பனிடுகிறது; அத்தவறு பல்லாண்டு கழித்துப் புற்றாக முளைக்கலாம். அமெரிக்க விஞ்ஞானக் கழகத்தார் 2006-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 100 பேர் தலைக்கு 100 மில்லிசீவர்ட் பெற்றால், அதன் காரணமாக அவர்களில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரலாம். அதே நூறு பேரில் 42 பேருக்கு வேறு காரணங்களால் எப்படியும் வரும். இந்தக் கணக்கில் 10 மில்லிசீவர்ட் என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு அபாயமாகிறது.

ஆயிரத்தில் ஒன்று பெரிதா, சிறிதா? தலையில் அடிபட்டு நினைவிழந்து கிடப்பவனுக்கு அது ஒரு பொருட்டே அன்று. மூளையில் இரத்தம் கசிகிறதா என்று சில நிமிஷங்களில் காட்டிக்கொடுக்கும் ஸி.டி. அவனுக்குத் தெய்வம். அதை மறுப்பது மடமை. ஆனால் அல்ட்ராசவுண்டிலேயே தெரியக்கூடிய கல்லுக்காக நான்கு முறை ஸி.டி. எடுத்தால், பயனில்லாத அபாயத்தை நான்கு முறை விலைகொடுத்து வாங்குவதாகும். குழந்தைகள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். வளரும் உடல் கதிருக்கு எளிதில் இலக்காகும். தீங்கு தலைகாட்ட முன்னே நீண்ட ஆயுளும் இருக்கிறது. பிரிட்டனில் சிறு வயதில் ஸி.டி. எடுத்துக்கொண்ட ஏறக்குறைய 1,80,000 பேரை ஆராய்ந்து 2012-ல் 'லான்செட்' பத்திரிகை வெளியிட்ட முடிவு இது: பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 10,000 பேருக்குத் தலையை ஒருமுறை ஸி.டி. எடுத்தால், அடுத்த பத்தாண்டுகளில் ஒரு குழந்தைக்கு இரத்தப் புற்றும், ஒரு குழந்தைக்கு மூளைக் கட்டியும் கூடுதலாக வரக்கூடும். தொகை சிறிது என்பது மெய்யே; ஆனால் அந்தப் பதினாயிரத்தில் ஒன்றாகிய குழந்தையைப் பெற்றவளுக்கு அது சிறிதாகுமா?

வைத்திய உலகம் இந்த உண்மைகளை எளிதில் ஏற்றுக்கொண்டுவிடவில்லை என்பதற்குச் சரித்திரமே சாட்சி. ரான்ட்ஜன் 1895-ல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். அறுபது ஆண்டுகள் கழித்து, கர்ப்பிணிகளை எக்ஸ்ரே எடுப்பது ஒரு சாதாரணக் காரியமாயிருந்த காலத்தில், ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர், புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மாரிடம் வினவச் செய்து விவரங்களைத் திரட்டினார். கருவிலிருக்கையில் எக்ஸ்ரே பட்ட குழந்தைகளிடையே இந்நோய் மிகுதி என்று 1956-ல் எழுதினார். பலர் நம்ப மறுத்தனர். வழக்கத்தை உடனே மாற்றிக்கொள்ளவும் இல்லை. படித்தவர்கள் பழக்கத்துக்கு அடிமையாவது படியாதவர்கள் ஆவதைவிடக் கொடியது.

நிற்க. அச்சத்தின் பக்கத்தையும் நடுநிலையோடு நோக்க வேண்டும். 1986-ல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, வெகு தொலைவிலிருந்த கிரீஸ் தேசத்தில் விழுந்த கதிர் மிகச் சொற்பம். ஆயினும் கர்ப்பிணிகள் கலங்கினர். அவர்களைத் தேற்ற வேண்டிய மருத்துவர்கள் பலரும் கூடவே கலங்கினர். பிள்ளை வேண்டுமென்று ஆசையோடு சுமந்த சுமார் 2,500 கர்ப்பங்கள் அந்நாட்டில் அநாவசியமாகக் கலைக்கப்பட்டன என்று மறு ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. வெடித்த உலை கிரீஸில் இல்லை. அங்கே உயிர்களைக் கொண்டது அறியாமையே. கருவுக்குக் கிடைத்த கதிர் 100 மில்லிகிரேக்குக் குறைவாயின், கதிரைக் காரணம் காட்டிக் கருவைக் கலைப்பது நியாயமாகாது என்பது சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்புக் கமிஷன் 2000-ல் கூறிய முடிவு. எக்ஸ்ரே விஷயத்தில் மில்லிகிரேயும் மில்லிசீவர்ட்டும் எண்ணளவில் ஏறக்குறைய ஒன்றுதான். தாயின் மார்பை எக்ஸ்ரே எடுக்கையில் கருவை எட்டுவது 0.01 மில்லிகிரேக்கும் குறைவு. நூறு எங்கே, நூற்றில் ஒரு பங்கு எங்கே! இந்த ஓர் எண்ணைத் தெரியாத ஒருவரின் ஒரு வார்த்தையால், காரைக்கால்மேட்டில் தவழும் அந்தக் குழந்தை இல்லாமலே போயிருக்கும்.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. 1983-ல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்பட்டது. 2004-ல் கதிர்ப் பாதுகாப்பு விதிகள் வந்தன. கதிரோடு தொழில் செய்வோர்க்கு ஆண்டுக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட் என்றும், பொதுஜனங்களுக்கு 1 என்றும் வரம்பு உண்டு. ஆனால் நோயாளிக்கு வரம்பு கிடையாது. சிகிச்சையின் அவசியம் எவ்வளவு என்று முன்கூட்டி விதிக்க முடியாதாகையால், அதை வைத்தியரின் விவேகத்துக்கே சட்டம் விட்டுவைத்திருக்கிறது. அந்த விவேகத்துக்கு அடிப்படையான அறிவு இல்லாவிட்டால், வரம்பில்லாத வெள்ளத்துக்குக் கரையும் இல்லை என்றுதானே பொருள்? யந்திரங்களின் கதியும் அக்காலத்தில் நன்றாயில்லை. நாட்டிலிருந்த 57,443 எக்ஸ்ரே நிலையங்களில் 52,173 நிலையங்கள், அதாவது நூற்றுக்கு 91, வாரியத்தில் பதிவாகாமலே நடந்தன என்று 2012-ல் தணிக்கை அதிகாரி பார்லிமெண்டுக்கு அறிவித்தார். பின்னர் இணையவழியாக உரிமம் வழங்கும் ஏற்பாடு வந்தது, நல்லதே. ஆனால் உரிமம் யந்திரத்துக்குத்தான். அதை எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதும் கைக்கு அன்று.

சட்டம் பயின்றவர் என்ற முறையிலும் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறோம். 2008-ல் சமீரா கோலி வழக்கில் நமது சுப்ரீம் கோர்ட், நோயாளியின் சம்மதம் மெய்யான சம்மதமாயிருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சிகிச்சையின் தன்மை, பயன், வேறு வழிகள், கணிசமான அபாயங்கள் ஆகியவற்றை வைத்தியர் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றது. ஒரு ஸ்கேனின் அபாயம் 'கணிசமானது' ஆகுமா என்று வக்கீல்கள் வாதாடலாம். நாம் அந்த வாதத்துக்குள் புகவில்லை. வேறு வழிகள் உண்டா என்பதைச் சொல்லியே தீரவேண்டும் என்பதில் வாதத்துக்கு இடமில்லை. சொல்லுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டும் என்பதிலும் இடமில்லை.

காரைக்கால் பிரதேசத்துக்கென்றே ஒரு தனிச் சங்கடமும் உண்டு. சுற்றிலும் தமிழ்நாடு, ஆட்சியோ சுமார் 130 கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரியில். இங்குள்ள நோயாளி இன்று காரைக்காலுக்கும், நாளை நாகப்பட்டினத்துக்கும் திருவாரூருக்கும், மறுநாள் தஞ்சைக்கும் புதுச்சேரிக்கும் அலைகிறான். ஓரிடத்துக் காகிதம் மற்றோரிடத்தில் செல்லுபடியாவதில்லை. அலைச்சலின் ஒவ்வொரு படியிலும் ஒரு புதுப் படம் சேர்கிறது. ஆனால் இதே வட்டாரத்தில்தான் வைத்தியக் கல்லூரிகளும் பெருகியிருக்கின்றன. திருவாரூரில் 2010-லும், காரைக்காலில் ஜிப்மரின் கிளையாக 2016-லும், நாகப்பட்டினத்தில் 2022-லும் தோன்றின. குறையைத் தீர்க்கும் ஊற்று இங்கேயே இருக்கிறது.

ஆகவே நாம் கேட்பவை பெரிய காரியங்களல்ல. முதலாவது, ஒவ்வொரு ஸி.டி. அறிக்கையிலும் கதிரின் அளவு அச்சிடப்பட வேண்டும். இதற்குப் புதுச் செலவில்லை. ஸி.டி. யந்திரமே ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணைத் திரையில் காட்டுகிறது. வயிற்று ஸி.டி.யானால் அந்த எண்ணை 0.015-ஆல் பெருக்கினால் போதும். 500 என்று காட்டினால் 7.5 மில்லிசீவர்ட். பள்ளிச் சிறுவனும் போடக்கூடிய கணக்கு! இரண்டாவது, ஓர் ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தை மற்றோர் ஆஸ்பத்திரி முதலில் பார்த்து, அது போதாது என்று கண்டாலன்றிப் புதிதாக எடுக்கலாகாது. புதுச்சேரி சர்க்காரும் தமிழ்நாட்டு சர்க்காரும் இதற்கு ஓர் உடன்பாடு செய்துகொள்ளத் தடையென்ன? மூன்றாவது, எம்.பி.பி.எஸ். மாணவர் கதிரியலுக்குச் செலவிடுவது சில வாரங்களே. அதற்குள்ளேயே இந்த அளவுகளையும் அவற்றின் பொருளையும் கற்பித்துப் பரீட்சையிலும் கேட்க வேண்டும். பட்டம் பெற்றவர்களுக்கு அவர்களுடைய சங்கங்கள் ஆண்டுக்கொருமுறை நினைவூட்ட வேண்டும்.

ஜனங்களுக்கும் கடமை உண்டு. ஸ்கேன் வேண்டாம் என்று மறுப்பது கடமையன்று. மறுத்து நோயை வளர்ப்பது தற்கொலைக்கு ஒப்பாகும். 'இது இல்லாமல் முடியாதா? அல்ட்ராசவுண்டு போதாதா? போன மாதம் எடுத்த படம் இதோ, இதைப் பார்க்கலாமா?' என்று பணிவோடு மூன்று கேள்விகள் கேட்பதே கடமை. கர்ப்பமாயிருக்கக்கூடும் என்றால் முன்னமே சொல்லிவிட வேண்டும். சீட்டு எழுதச் சொல்லி வைத்தியரை நாமே நெருக்குவதையும் விட்டொழிக்க வேண்டும். படம் எடுக்காத டாக்டர் கெட்டிக்காரர் அல்லர் என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. அதுவும் இந்த நோயில் ஒரு பங்கு.

காரைக்கால்மேட்டுப் பெரியவர் தம் படங்களை மீண்டும் துணிப்பைக்குள் அடுக்கியபோது, "இதையெல்லாம் வைத்துக்கொள்ளலாமா, கடலில் போட்டுவிடலாமா?" என்று கேட்டார். "வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை முதலில் இவற்றைக் காட்டுங்கள்" என்றோம். கடலுக்குப் போகும் மனிதர், காற்றின் அளவறியாமல் படகைத் தள்ளமாட்டார். அவர் உடம்புக்குள் கதிரைச் செலுத்துகிறவருக்கு, அதன் அளவு தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பது அதிகமா?